தோழிக்கு எழுதச் சொன்னால் தாசில்தாருக்கு எழுதுகிறேனாம்!

கேள்வி: காரிமங்கலம் பக்கத்துக் கிராமம் எனக்கு. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கனடா போவதற்காக, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங் தேர்வுக்குத் தயாராகிறேன். ரைட்டிங்கில், அதாவது கடிதமும் கட்டுரையும் எழுதும் பகுதியில், 9-க்கு 7 வேண்டும். பயிற்சித் தேர்வுகளில் 5.5-ஐத் தாண்ட முடியவில்லை. கட்டுரை பரவாயில்லையாம், கடிதம்தான் சொதப்பலாம். "தோழிக்கு லெட்டர் எழுதச் சொன்னா தாசில்தாருக்கு எழுதுறீங்க" என்று பயிற்சி மையத்து சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். உண்மையில் என் தோழிகளுக்கு நான் ஆங்கிலத்தில் ஒரு வரிகூட எழுதியதில்லை. வாட்ஸ்அப்பில் தமிழில் வாய்ஸ் அனுப்புவதோடு சரி. மாதிரிக் கடிதங்களை மொத்தமாக மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா? நான் எழுதிய கடிதம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, ஓசூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் சார் சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் சரி. அவர்மேல் உள்ள கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

நம் பள்ளிகளில் படித்த யாருக்கும் ஆங்கிலக் கடிதம் என்றாலே கை தானாக 'ஃப்ரம்', 'டு' என்றுதான் ஆரம்பிக்கும். சொந்தப் பெயரை எழுதக் கூடாது என்பதால் எக்ஸ்எக்ஸ்எக்ஸ், ஊருக்கு ஒய்ஒய்ஒய். அப்புறம் 'ரெஸ்பெக்டட் சார்', 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்', கடைசியில் 'தேங்கிங் யூ', 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'. பெட்டி கட்டி உறைமேல் முகவரி எழுத மறந்தால் அதற்கும் மதிப்பெண் போகும். பள்ளி முடிந்து வேலைக்கு வந்தால் 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு', 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. யோசித்துப் பாருங்கள், நீங்கள் இதுவரை ஆங்கிலத்தில் எழுதியதெல்லாம் தலைமையாசிரியருக்கு, மேனேஜருக்கு, வங்கிக்கு. எல்லாருமே உங்களுக்கு மேலே இருப்பவர்கள். தோளில் கை போட்டுப் பேசும் ஒருவருக்கு அந்த மொழியில் எழுதும் சந்தர்ப்பமே உங்களுக்கு வாய்க்கவில்லை. தமிழ் வழியில் படித்ததால் வந்த குறை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆங்கில வழியில் படித்தவர்களும் இதே லீவ் லெட்டரைத்தான் எழுதி வளர்ந்தார்கள்.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். ரைட்டிங்குக்கு மொத்தம் 60 நிமிடம். கடிதத்துக்குக் குறைந்தது 150 சொற்கள், 20 நிமிடம். கட்டுரைக்கு 250 சொற்கள், 40 நிமிடம். மதிப்பும் கடிதத்தைப் போல இரண்டு மடங்கு. கடிதத்தில் ஒரு சூழலைச் சொல்லி மூன்று குறிப்புகள் கொடுப்பார்கள், மூன்றையும் எழுதியே ஆக வேண்டும். முகவரி தேவையில்லை என்று கேள்வியிலேயே சொல்லிவிடுவார்கள்.

மதிப்பெண்ணுக்கு நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம பங்கு. கேட்டதை முழுமையாகச் செய்தீர்களா, கோவையாகச் சொன்னீர்களா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. உங்கள் 5.5 சிக்கிக்கொண்டிருப்பது முதலாவதில் என்பது என் கணிப்பு. எந்த மதிப்பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று தேர்வு நடத்துபவர்களே விவரம் வெளியிட்டிருக்கிறார்கள். அதன்படி 7 வாங்க, எதற்காக எழுதுகிறீர்கள் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். தொனி பொருத்தமாக, கடைசி வரை ஒரே சீராக இருக்க வேண்டும். 6 என்றால் தொனி அங்கங்கே மாறலாம். 5 என்றால் ஏறி இறங்கும், சில இடங்களில் பொருந்தாமலும் போகும். ஆகவே உங்கள் சார் கேலி செய்தது ஏதோ அழகுக்கான சமாச்சாரம் இல்லை. அந்த முதல் அளவுகோலில் அதற்கும் மதிப்பெண் இருக்கிறது.

மனப்பாடம் வேண்டாம். மனப்பாடம் செய்த பகுதிகளைத் தேர்வாளர்கள் கவனித்து மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. 'ஐ ஹோப் திஸ் லெட்டர் ஃபைண்ட்ஸ் யூ இன் த பிங்க் ஆஃப் ஹெல்த்' என்று பளபளவென்று தொடங்கிய கடிதம், அடுத்த வரியிலேயே 'ஐ கேன்னாட் ஏபிள் டு கம்' என்று போனால் முதல் வரி இரவல் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். நம் பாட்டிகள் இன்லேண்ட் லெட்டரில் 'நலம், நலமறிய ஆவல்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, 'இப்பவும்' என்று நேராக விஷயத்துக்கு வருவார்கள். நலம் விசாரிக்க உங்களுக்கும் அந்த ஒரு வரி போதும்.

சரி, மனப்பாடம் இல்லாமல் எப்படி எழுதுவது? கேள்வியில் 'ஒரு ஃப்ரெண்டுக்கு' என்று இருக்கும். முகம் தெரியாத ஃப்ரெண்டுக்கு யாராலும் எழுத முடியாது. இன்னாருக்கு என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். தேர்வுக்குப் போகும் முன்பே நிஜ மனிதர்கள் இரண்டு மூன்று பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரிமங்கலத்தில் உங்களோடு பஸ்ஸுக்குக் காத்து நின்ற பள்ளித் தோழி, வெளிநாட்டில் இருக்கும் சித்தி மகன், வேலையை விட்டுப் போன பழைய சக ஊழியர் என்று. எந்தக் கேள்வி வந்தாலும் இவர்களில் ஒருவருக்குப் பொருந்தும். ஆங்கிலம் பேசும் தோழி என்று கேள்வியில் இருந்தால் பெயரை மட்டும் மேரி என்று மாற்றிக்கொள்ளுங்கள், குணத்தை மாற்றாதீர்கள்.

ஆளை முடிவு செய்ததும் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இவளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? தெரிந்ததையும் உட்கார்ந்து விளக்கினால் அது மனு ஆகிவிடும். தெரிந்ததை லேசாகத் தொட்டுவிட்டுத் தெரியாததைச் சொன்னால் தோழிக்கு எழுதிய கடிதம். தொனி என்று இவர்கள் சொல்வதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

நீங்கள் அனுப்பிய கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுத் தோழி உங்கள் ஊருக்கு முதல்முறையாக வருகிறாள். எப்போது வரலாம், எங்கே அழைத்துப் போவீர்கள், என்ன எடுத்துவர வேண்டும் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியது: 'ஒகேனக்கல் இஸ் எ ஃபேமஸ் டூரிஸ்ட் ஸ்பாட் இன் தர்மபுரி டிஸ்ட்ரிக்ட். இட் இஸ் சிச்சுவேட்டட் ஆன் த பேங்க்ஸ் ஆஃப் த ரிவர் காவேரி.' இதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இது பஸ் நிலையத்தில் வைக்க வேண்டிய பலகை. தோழியை எங்கேயும் காணோம்.

அவளைக் கடிதத்துக்குள் கொண்டுவாருங்கள். பெங்களூரில் இருவரும் ராட்டினத்தில் ஏறியபோது பயத்தில் அவள் உங்கள் கையை நசுக்கினாள் என்று வைத்துக்கொள்வோம் (நிஜமாக நடந்திருக்க வேண்டியதில்லை, தேர்வாளர் விசாரிக்க வரமாட்டார்). 'யூ நியர்லி ப்ரோக் மை ஹேண்ட் ஆன் தட் ஜயன்ட் வீல், ஸோ ஐ காண்ட் வெயிட் டு சீ யூ இன் எ பரிசல்!' பரிசல் என்றால் அவளுக்குத் தெரியாது. வட்டமான சின்னப் படகு என்று அரை வரி சேர்த்தால் முடிந்தது. எப்போது வருவது? கர்நாடகத்து அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால் ஒகேனக்கலில் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள், ஜூலை, ஆகஸ்டில் அந்தத் தொல்லை அடிக்கடி வரும். உங்களுக்கு இது செய்தி இல்லை, அவளுக்குச் செய்தி. 'இஃப் யூ கம் இன் ஆகஸ்ட், தே மைட் நாட் லெட் அஸ் நியர் த வாட்டர்.' ஜூனில் வந்தால் கிருஷ்ணகிரி மாம்பழம், டிசம்பரில் வந்தால் ஓசூர்க் குளிர். இரண்டில் ஒன்றை அவளுக்காக நீங்களே தேர்ந்தெடுங்கள். இரண்டையும் புகழ்ந்து 'போத் ஆர் வெரி நைஸ்' என்று விட்டால் மறுபடி பலகைதான். டிசம்பர் என்று முடிவு செய்தால் மூன்றாவது குறிப்பு தானாக வந்துவிடும்: 'டோன்ட் லாஃப், பட் ப்ரிங் எ ஸ்வெட்டர்.' தமிழ்நாடு என்றாலே வெயில் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இது நல்ல வரி.

இந்த மூன்று வரிகளுக்குள் இறந்தகாலம் வந்துவிட்டது, 'இஃப்' வாக்கியம் வந்துவிட்டது, 'டோன்ட்' என்ற ஏவலும் வந்துவிட்டது. இலக்கண மதிப்பெண்ணுக்காகத் தனியாக எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை. நட்பாக எழுதுவது என்றால் 'ஐ ஆம் ஹேப்பி, யூ கம்' என்று எளிய வாக்கியமாகவே எழுதிக்கொண்டு போவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதினால் தொனியில் கிடைப்பது இலக்கணத்தில் போய்விடும்.

இன்னொரு பக்கமும் சாயக் கூடாது. 'ஐ'ம்', 'காண்ட்', 'வீ'ல்' போன்ற சுருக்கங்கள் தாராளமாக வரலாம், வரத்தான் வேண்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் போடும் ஒற்றை எழுத்து 'யூ', 'ப்ளீஸ்' என்பதற்கு மூன்றே எழுத்து, சிரிக்கும் பொம்மை, இதெல்லாம் கூடாது. 'ஃபர்தர்மோர்', 'மோர்ஓவர்' இரண்டையும் கட்டுரைக்கு மிச்சம் வையுங்கள். இங்கே 'எனிவே', 'பை த வே' போதும். மரபுத்தொடர் ஒன்று இயல்பாக வந்தால் சரி. வரிக்கு வரி 'ஓவர் த மூன்', 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று திணிக்க வேண்டாம். பயிற்சி மையங்களுக்கு நிலாவின் மேல் அப்படி என்ன மோகமோ!

உங்களுக்கு அதிகம் சிக்கல் தரப்போவது வேறு வகைக் கேள்வி என்று தோன்றுகிறது. மன்னிப்புக் கேட்பது, மறுப்பது. தோழியின் கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்று எழுதச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். நாம் நேரில் சொல்வதானால் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, லீவு கிடைக்கவில்லை என்று காரணங்களை எல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்தைச் சொல்வோம். தேர்வில் அது ஆபத்து, ஏனென்றால் எழுதிய நோக்கம் ஆரம்பத்திலேயே தெரிய வேண்டும். முதல் பத்தியிலேயே 'ஐ'ம் ஸோ ஸாரி, பட் ஐ காண்ட் மேக் இட் டு யுவர் வெட்டிங்' என்று சொல்லிவிடுங்கள். 'ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்பது கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கும் வங்கியின் குரல். காரணத்தைப் பொத்தாம்பொதுவாக 'ட்யூ டு ஆஃபீஸ் வொர்க்' என்று சொல்லாமல், கல்யாணம் மார்ச் 30, உங்களுக்கு மார்ச் 31 கணக்கு முடிக்கும் நாள் என்று சொல்லுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அதைவிட நம்பும்படியான காரணம் கிடையாது. அப்புறம் எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த ஞாயிறு தர்மபுரிக்கு வந்து இருவரையும் பார்க்கிறேன், எனக்காக ஒரு லட்டு எடுத்து வை என்று.

வீட்டு உரிமையாளருக்கோ பழைய ஆசிரியருக்கோ எழுதச் சொன்னால் இந்த அளவு உரிமை எடுக்க வேண்டாம். 'டியர் மிஸஸ்' என்று குடும்பப் பெயரோடு தொடங்கி, சுருக்கங்களைக் குறைத்து, 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடியுங்கள். தோழிக்கானால் 'லவ்', 'டேக் கேர்', 'பெஸ்ட் விஷஸ்' எதுவும் சரி, கீழே ஒரு பெயர். தயவுசெய்து எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்று போட்டுவிடாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்குத்தான் வாய்ஸ் அனுப்பும் பழக்கம் இருக்கிறதே. ஒரு கேள்வியை எடுத்து, முதலில் அந்தத் தோழியிடம் பேசுவது போலத் தமிழில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது எதை முதலில் சொன்னீர்கள், எதை விளக்காமல் விட்டீர்கள், எங்கே சிரித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாக்கியங்களை மொழிபெயர்க்க வேண்டாம். அந்த வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதி முடித்த கடிதத்தில் தோழியின் பெயரை அடித்துவிட்டு மேனேஜர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்படியே அனுப்பலாம் போலிருந்தால் திருப்பி எழுத வேண்டியதுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, 20 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். ஆளையும் மூன்று குறிப்புகளையும் யோசிக்க மூன்று நான்கு நிமிடம், கடைசியில் பிழை பார்க்க இரண்டு நிமிடம். நீளம் 160, 180 சொற்கள் போதும். 250 சொற்களில் அழகான கடிதம் எழுதிவிட்டுக் கட்டுரையைப் பாதியில் விட்டால் நட்டம் உங்களுக்குத்தான். கணினியில் எழுதுவதாக இருந்தால் சொல் எண்ணிக்கை திரையிலேயே ஓடும். ஆனால் அலுவலகக் கணினியில் வருவது போல எழுத்துப் பிழைக்குச் சிவப்புக் கோடு வராது. அதனால் இன்றிலிருந்தே பயிற்சியை நோட்பேடில், பிழை காட்டும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.