ஆற்றில் போனாலும் கணவாயில் போனாலும் அதே கொள்ளைக் கூட்டமா?

கேள்வி: தருமபுரியில் நண்பர்கள் நாலு பேருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு நடத்துகிறேன், கதையை நடத்திச் செல்லும் டிஎம் நான்தான். அதியமான் காலத்துத் தகடூர்தான் களம், மந்திரம், பேய், பூதம் எல்லாம் உண்டு. ஊர் மாடுகளைக் கவர்ந்த கூட்டம் தொப்பூர் கணவாய் வழியாகத் தெற்கே போகிறது. கணவாயில் ஒரு பெரிய சண்டையை வரைபடத்தோடு தயார் செய்திருந்தேன். நண்பர்களோ ஒகேனக்கல் அருவிக்குக் கீழே பரிசல் பிடித்து, ஆற்றோடு இறங்கி, முன்னால் போய் மடக்குவோம் என்றார்கள். மூன்று முறை ரோல் (பகடை உருட்டல்) கேட்டேன், மூன்றாவது தவறியது. பரிசல் கவிழ்ந்தது. கரையேறினால் அங்கே அதே கூட்டம் நிற்கும்படி வைத்துவிட்டேன். "நாங்க என்ன செஞ்சாலும் நீ நெனச்சதுதான் நடக்குது" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். தயார் செய்யாமலும் நடத்த முடியாதே, என்ன வழி?

பதில்: அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தவறு நீங்கள் தயார் செய்ததில் இல்லை, எதைத் தயார் செய்தீர்கள் என்பதில்தான்.

பரமபதத்தையும் தாயத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பகடைதான். பரமபதத்தில் எண் விழுந்தபின் ஆடுகிறவருக்கு வேலையே கிடையாது. பாம்பா ஏணியா என்று கட்டம் சொல்லிவிடும். தாயத்தில் ஐந்து விழுந்தால் எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா, மலையில் ஏறி உட்காருவதா என்று யோசிக்க வேண்டும். அன்று உங்கள் மேசையில் நடந்தது பரமபதம். பரிசல் யோசனை அவர்களுடையது, ஆனால் அது எங்கே போய் முடியும் என்பது முன்பே எழுதப்பட்டிருந்தது.

முதலில் கணக்கு. இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு பரிசலைச் செலுத்தியவரின் திறமைக்காக +5 கூட்டி, இலக்கு எண் 15-ஐ எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 55 சதவீத வாய்ப்பு. ஒரே ரோல் என்றால் நியாயமான பந்தயம். மூன்றும் வென்றால்தான் கரை என்று நீங்கள் சொன்னதும் அது சுமார் 17 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது. "முடியாது" என்று வாய்விட்டுச் சொல்லாமல் பகடையை விட்டுச் சொல்ல வைத்தது போலத்தான். புதிதாக நடத்துகிற பலரும் தெரியாமலே இதைச் செய்கிறார்கள், ஆடுகிறவர்களுக்கு அது உடனே உறைக்கும்.

பதுங்கிப் போகும்போதும் இதே சிக்கல் வரும். நாலு பேரும் தனித்தனியே உருட்டி நாலு பேரும் வெல்ல வேண்டும் என்றால், ஆளுக்கு 55 சதவீதம் இருந்தும் கூட்டாக 9 சதவீதம்தான். ஐந்தாம் பதிப்பின் குழுச் சோதனை விதி இதற்காகவே இருக்கிறது: பாதிப் பேர் வென்றால் குழுவே வென்றதாகக் கொள்ளலாம். அப்போது அதே நாலு பேருக்கு வாய்ப்பு 76 சதவீதம் ஆகிறது.

எனவே ஒரு செயலுக்கு ஒரே ரோல். அதையும் கேட்கும் முன் மூன்றைப் பாருங்கள்: வெல்ல வழி இருக்கிறதா, தோற்க வழி இருக்கிறதா, எது நடந்தாலும் நிலைமை மாறுமா. ஒன்று இல்லையென்றாலும் பகடையைத் தொட வேண்டாம். ஒரே பேச்சில் அதியமானிடம் நாட்டை எழுதி வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால், "அது நடக்காது, வேறென்ன கேட்கப் போகிறீர்கள்?" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். 20 விழுந்தால் எதுவும் நடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தானாகவே வெற்றி என்ற அந்த விதி சண்டையில் அடிக்கும் தாக்குதல் ரோலுக்குத்தான், பேசுவது, பரிசல் விடுவது போன்ற திறன் சோதனைக்கு இல்லை.

உருட்டுவதற்கு முன் பந்தயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிக் குறையைத் தீர்க்கும். உதாரணமாக: "இலக்கு 15. வென்றால் இருட்டும் முன் கீழ்த்துறையில் இறங்கிவிடுவீர்கள். தவறினாலும் கரை சேர்வீர்கள், ஆனால் பரிசல் பாறையில் மோதி உணவு மூட்டை போய்விடும், அரை நாள் பிந்தும். போகிறீர்களா?" தோல்வியிலும் கதை நகர்கிறது, விலை மட்டும் கூடுகிறது. அதைக் கேட்டபின் அவர்கள் பரிசல்காரருக்குக் கூடுதலாக ஒரு வெள்ளிக்காசு கொடுத்து உதவி கேட்கலாம். கேட்டால் அட்வான்டேஜ் கொடுங்கள்; இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும்போது 55 சதவீதம் கிட்டத்தட்ட 80 ஆகிறது. திட்டம் போட்டதற்குப் பலன் கிடைத்தது அவர்கள் கண்ணுக்கே தெரியும்.

தோல்வி என்றால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். தாயம் விழாமல் காய் இறங்காது அல்லவா? 0 முதல் 3 வரை உள்ள இரண்டு கட்டையில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. ஐந்து முறை உருட்டியும் வெளியிலேயே உட்கார்ந்திருக்கப் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே வாய்ப்பு உண்டு. ரகசியக் கதவைத் திறக்க ஒரே ரோல்தான் வழி என்று வைத்தால் உங்கள் நண்பர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். முக்கியமான தகவல் எதுவானாலும் அதை அடைய மூன்று தடயமாவது வையுங்கள்: குளம்படி, சந்தையில் ஒரு பேச்சு, நடுகல் அருகே அறுந்து கிடக்கும் மணிக்கயிறு.

இனி தயாரிப்பு. "கணவாயில் சண்டை நடக்கும்" என்று எழுதாதீர்கள். ஒரே பக்கத்தில் நிலைமையை எழுதுங்கள். கூட்டத்தில் எத்தனை பேர், தலைவனுக்கு என்ன வேண்டும், மாடுகளை யாருக்கு எப்போது கைமாற்றப் போகிறான், யாருமே தடுக்காவிட்டால் என்ன ஆகும். அதன் கீழே ஒரு வட்டம் போட்டு ஆறு பங்காகப் பிரித்து "மாடு கைமாறும்" என்று தலைப்பிடுங்கள். ஒவ்வோர் இரவு ஓய்வுக்கும் ஒரு பங்கு, கூச்சல் கிளப்பும் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பங்கு நிரப்புங்கள். தாளை மேசை நடுவில் திறந்தே வையுங்கள். ஆறும் நிரம்பினால் ஆட்டம் முடியாது. மாடு புதியவர் கைக்குப் போயிருக்கும், அவரோடு பேரம் பேசுவதா மோதுவதா என்பது அடுத்த கேள்வி. வரைந்து வைத்த கணவாய் வரைபடம் வீணாகாது. இடுங்கிய பாதை, மேலே பாறை, கீழே ஓடை என்ற அமைப்பு எந்த மலைக்கும் பொருந்தும். அங்கே வேறு ஆட்கள், வேறு காரணம் இருக்கட்டும்.

அதே கூட்டத்தைக் கரைக்கு நகர்த்தியது எப்போதும் குற்றமா என்று கேட்கலாம். இரு வழியைப் பற்றியும் ஒன்றும் தெரியாமல் இடமா வலமா என்று தேர்ந்திருந்தால் அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தேர்வுக்கும் மதிப்பில்லை. இங்கே அவர்கள் கூட்டத்தைத் தாண்டிப் போகத்தான் ஆற்றையே எடுத்தார்கள். அந்தக் காரணத்தையே நீங்கள் அழித்துவிட்டீர்கள். பாதை பிரியும் இடத்திலேயே விலையைக் காட்டுங்கள்: கணவாய் இரண்டு நாள், சாமான் முழுதும் வரும், பதுங்க இடம் அதிகம், ஆறு ஒரு நாள், பாதிச் சாமானைக் கரையில் விட்டாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சுதந்திரம் கொடுக்கிறேன் என்று வெறுமனே "என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டால் புதியவர்கள் வாயடைத்துப் போவார்கள். கண்ணில் படும் இரண்டு மூன்று வழியைச் சொல்லி, "வேறு ஏதாவது தோணுதா?" என்று சேர்த்துக் கேளுங்கள். அதிகம் பேசுகிறவரிடம் கடைசியில் வாருங்கள். உங்கள் முன் வைக்கும் மறைப்புத் திரைக்குப் பின்னால் உருட்டி எண்ணை மாற்றுவதையும் நிறுத்திவிடுங்கள். ஒருமுறை சந்தேகம் வந்தால் நேர்மையாக விழுந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள்.

எழுந்து போன நண்பரை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே போய்ப் பாருங்கள். மூன்று ரோல் கேட்டது தவறு, கரையில் நின்ற கூட்டத்தை நீக்கிவிட்டேன் என்று சொல்லுங்கள். பரிசல் துறையிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். வட்டத்தில் ஒரு பங்கு நிரம்பியிருக்கட்டும், அந்த ஒரே ரோலை அவரே உருட்டட்டும்.