தொட்டிக்குள் கடல்: உப்பு அளவு பற்றி வாசகர் கேள்விகள்

என்னிடம் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. தண்ணீர் குறையும்போதெல்லாம் உப்புக் கரைத்த தண்ணீரையே ஊற்றி வந்தேன். போன வாரம் நட்சத்திர மீன் இறந்துவிட்டது. எங்கே தவறு, சார்?
– திருவொற்றியூர் வாசகர்

நீங்கள் ஊற்றிய அந்தத் தண்ணீரில்தான் தவறு என்று நினைக்கிறேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே தொட்டியில் தங்கிவிடுகிறது. ஃபேன் ஓடும் அறையில், கோடையில், நாளைக்கு 3 லிட்டர் குறைவதாக வைத்துக்கொள்வோம். ஈடாக ஊற்றும் 3 லிட்டர் உப்புநீரில் சுமார் 105 கிராம் உப்பு இருக்கும். பத்து நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல் உப்பு சேர்ந்து, 35 பிபிடி (ஆயிரம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு என்ற அளவு) இருந்தது 40ஐத் தாண்டிவிடும்.

மீன்கள் இதைக் கொஞ்ச நாள் தாங்கும். அவற்றின் உடல் திரவத்தில் உப்பு கடலில் இருப்பதைப் போல மூன்றில் ஒரு பங்குதான். கடல்நீரைக் குடித்து, அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிவிடும். நட்சத்திர மீனுக்கு அந்த ஏற்பாடே கிடையாது. வெளியே என்ன உப்போ, அதுதான் அதன் உடம்புக்குள்ளும். என் முதல் தொட்டியில் நானும் ஒன்றை இப்படித்தான் இழந்தேன், இன்றும் மனசு கேட்பதில்லை.

இனி, கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். தினமும் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சம்ப் (தொட்டி நீர் வடிகட்டப்பட்டுத் திரும்பும் துணைத் தொட்டி) வைத்திருந்தால், மோட்டார் ஓடும்போது சம்ப்பில் கோடு போட வேண்டும். தண்ணீர் குறைவது அங்கேதான் தெரியும். இப்போது 40 காட்டினால் ஒரே நாளில் இறக்காதீர்கள். தினம் 5 லிட்டர் எடுத்துவிட்டு 5 லிட்டர் நல்ல தண்ணீர் விடுங்கள். நாளுக்கு ஏறக்குறைய 1 பிபிடி குறைந்து, ஐந்து நாளில் 35ஐ ஒட்டி வந்துவிடும்.

நல்ல தண்ணீர் என்றால் போர் தண்ணீர் ஊற்றலாமா?

உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மில்லிகிராமில்) 2000 என்றால், தினம் 3 லிட்டர் வீதம் ஒரு வருடத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் உப்பைக் கொட்டியதற்குச் சமம். அதிலும் அது கடலின் உப்பு இல்லை. ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் க்ளோரின் இருக்கும், அதுவும் வேண்டாம்.

வீட்டு ஆர்ஓவுக்கு வாங்கிய டிடிஎஸ் மீட்டரால் தொட்டியின் உப்பை அளக்கலாமா?

முடியாது. அந்தச் சின்ன மீட்டர்கள் பெரும்பாலும் 9999 பிபிஎம்மோடு நின்றுவிடும். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. கடல்நீரின் 35 பிபிடி அந்தக் கணக்கில் 35,000.

கல் உப்பும் கடலிலிருந்துதானே வருகிறது? அது கிலோ இருபது, முப்பது ரூபாய்க்குக் கிடைக்க, இவ்வளவு விலை கொடுத்து மீன் தொட்டிக்கென்று விற்கும் மரைன் சால்ட் எதற்கு?
– தூத்துக்குடி வாசகர்

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். உப்பளத்தில் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்புச் சத்து பிரியும், அடுத்து ஜிப்சம் படியும். அப்புறம்தான் உப்பு விளையும். உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரை வடித்து விடுகிறார்கள் அல்லவா, மெக்னீசியமும் பொட்டாசியமும் அதோடு போய்விடும். கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. ஒரு லிட்டர் கடல்நீரில் 1300 மில்லிகிராம் அளவுக்கு மெக்னீசியமும் 400க்கு மேல் கால்சியமும் இருக்கின்றன. கல் உப்பைக் கரைத்து 35 பிபிடி கொண்டுவந்தாலும் இவை இரண்டும் கிடைக்காது. பிஎச் அளவைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் இருக்காது. மீட்டர் சரியென்று சொல்லும், உள்ளே இருக்கும் உயிர் வாடும்.

மரைன் சால்ட்டையும் நேராகத் தொட்டியில் தூவக் கூடாது. தனி வாளியில் பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சிறு மோட்டார்) ஓடவிட்டுக் கரைத்து, தெளிந்த பிறகு அளந்து பார்த்துச் சேருங்கள்.

ஹைட்ரோமீட்டர் 1.026 என்கிறது, ரிஃப்ராக்டோமீட்டர் 31 பிபிடி என்கிறது. எதை நம்புவது?

ஹைட்ரோமீட்டர் தண்ணீரின் அடர்த்தியை வைத்தும், ரிஃப்ராக்டோமீட்டர் தண்ணீரில் ஒளி வளைவதை வைத்தும் உப்பை அளக்கும். அடர்த்தி 1.026 என்றால் ஏறத்தாழ 35 பிபிடி. ஆக, இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. முள் ஆடும் ஹைட்ரோமீட்டரில் முள்மேல் காற்றுக் குமிழி ஒட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். உப்புப் படிந்தால் குறைவாகக் காட்டும். கழுவி, தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது, 35 பிபிடி கரைசலிலும் சரிபார்க்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால், நல்ல தராசில் 36.5 கிராம் சமையல் உப்பு, 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீர் எடுத்துக் கலக்குங்கள். ஒளியை வளைப்பதில் இது 35 பிபிடி கடல்நீருக்குச் சமம். ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டுமே இந்தக் கணக்கு.

கொளத்தூரில் வாங்கிய க்ளவுன் மீன் மூன்றாம் நாள் இறந்தது. தொட்டியில் 35 சரியாகத்தான் இருக்கிறது.

பையில் இருந்த தண்ணீரை அளந்தீர்களா? நோயைக் கட்டுப்படுத்தவும் செலவைக் குறைக்கவும் 25 பிபிடி அளவில் மீன் வைத்திருக்கும் கடைகள் உண்டு. அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் 35க்கு வந்தால் மீன் உடம்பில் நீர் வற்றிப்போகும். இறங்குவதை விட ஏறுவதுதான் மீனுக்குக் கடினம். அடுத்த முறை ஒரு தனித் தொட்டியைக் கடையின் உப்பளவிலேயே தயார் செய்து அதில் விடுங்கள். நாளுக்கு 1 பிபிடிக்கு மிகாமல் ஏற்றுங்கள். பத்து நாள் ஆகும், ஆகட்டும்.