இடம்பெயர்ந்தவர்கள் வரையும் வீடு: கேள்வி பதில்

போரும் இடப்பெயர்வும் ஓவியருடைய வேலைக்குள் எப்படி வருகின்றன? ஹட்டனில் பல வருடங்களாகச் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒருவர்: சேர், யுத்தம் வடக்கு கிழக்கில்தானே நடந்தது. மலையக ஓவியருக்கு அதில் என்ன இருக்கிறது?

தம்பி, 1977, 1983 வன்செயல்களில் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, விட்டு ஓடி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய நம் ஆட்கள் கொஞ்ச நஞ்சமா? பலர் 2009 வரை போருக்குள்ளேயே கிடந்தார்கள். அதற்கு முன்பே, இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் ஆட்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள். இது நம் வீட்டுக் கதை.

பண்டாரவளையிலிருந்து: துப்பாக்கி, இரத்தம் இல்லாமல் யுத்தத்தை வரையலாமா?

தாராளமாக. எனக்குப் பிடித்ததே அந்த வழிதான். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011இல் கொண்டுவந்த 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலைப் பாருங்கள். இழந்த வீட்டின் வரைபடத்தை இடம்பெயர்ந்தவர்களே நினைவிலிருந்து கீறியிருப்பார்கள். அதையே வைத்துக் கட்டடக்கலைஞர் வரைந்த படமும், சனாதனனின் சித்திரமும் கூடவே இருக்கும். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. காணி உறுதிப் பத்திரமும் வீடும் போனவர்களுக்கு அந்தக் கோடுகள்தான் பதிவு.

அதைப் பார்த்துவிட்டு, வன்னியிலிருந்து திரும்பி வந்த ஒரு பாட்டியிடம் பென்சிலைக் கொடுத்தேன். பழைய லயக் காம்பராவைக் கீறச் சொன்னேன். அவர் முதலில் சுவரைக் கீறவில்லை. தாளின் நடுவில் ஒரு ட்ரங்குப் பெட்டி, அப்புறம் அடுப்பு, கடைசியில்தான் சுவர். வாசல் எங்கே என்று கேட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு அகலமாக ஒரு இடைவெளி விட்டார். நான் அப்படி ஒரு வாசலை யோசித்தே இருக்க மாட்டேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு மாணவி: பெயின்ட் வாங்கக் காசில்லை சேர். தேயிலைச் சாயத்தில் வரையலாமா?

வரையுங்கள் தங்கச்சி. நம் மலையக ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலையையே தன் கலைக்குப் பொருளாக எடுத்தவர். டஸ்ட் தேயிலைத் தூளைத் திக்காகக் கொதிக்க வைத்து வடியுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. கொஞ்சச் சாயத்தில் துருப்பிடித்த ஆணியை இரண்டு நாள் போட்டு வையுங்கள், கருஞ்சாம்பல் நிறம் வரும். வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், சாயம் வெளிறிவிடும்.

நுவரெலியாவிலிருந்து: மற்றவர்களின் துயரத்தை நாம் வரைவது சரியா?

கேட்டுவிட்டு வரையுங்கள். முடித்ததும் முதலில் அவர்களிடமே காட்டுங்கள். பாட்டியின் படம் என்னிடம் இல்லை, அவர் தன் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.