உதய சூரியன் நசுங்கித் தெரிவது லென்ஸ் கோளாறா?

லென்ஸை மாற்ற அவசரப்படாதீர்கள். கொடைக்கானலில் நீங்கள் எடுத்த படத்தில் உதய சூரியன் மேலும் கீழும் நசுங்கியிருப்பதற்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். மேலிருந்து வரும் ஒளி, காற்றின் அடர்த்தி கூடக்கூடத் தரைப்பக்கமாக வளைகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் அளவு; வெற்றிடத்துக்கு அது 1) சுமார் 1.0003தான், ஆனாலும் தொடுவானத்தில் அந்த வளைவு அரை டிகிரிக்குச் சற்று மேல், அதாவது சூரியனின் முழு அகலத்தையும் மிஞ்சுகிறது! இப்படி வளைவதால் சூரியன் இருக்கும் இடத்தைவிட உயரத்தில் தெரிகிறது; கீழ்விளிம்பின் ஒளி இன்னும் அதிகமாக வளைவதால் அந்த விளிம்பு கூடுதலாக உயர்ந்து, மேல்விளிம்பை நெருங்கி வந்துவிடுகிறது. அகலம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் குறைகிறது. மலையிலிருந்து சமவெளியை நோக்கிப் பார்க்கும்போது இது இன்னும் கூடும்.

அடுத்த முறை கேமராவை 90 டிகிரி திருப்பியும் ஒரு படம் எடுங்கள். நசுங்கல் கேமராவோடு சேர்ந்து திரும்பினால் மட்டுமே லென்ஸைச் சந்தேகிக்கலாம். வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்காமல், திரையில் பார்த்தே எடுங்கள்.