மடிந்து உடைந்த பாறை அடுக்குகளைக் கணினியில் எப்படிப் பழையபடி விரிக்கிறார்கள்? வேலூர் மலைகளுக்கு இது செல்லுமா?

படிவுப் பாறைகள் பெரும்பாலும் கிடைமட்டமாகத்தான் படிகின்றன. பிறகு நிலம் நெருக்கப்படும்போது அடுக்குகள் மடியும், உடையும், ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அந்த அசைவுகளைக் கணினியில் பின்னோக்கி ஓட்டுவதுதான் மீளமைப்பு.

கோரைப்பாயை ஒரு முனையில் பிடித்துச் சுவரை நோக்கித் தள்ளுங்கள். பாய் சுருங்கி மேடு மேடாக எழும். பாயின் நீளமோ குறைவதில்லை. வளைவை அளந்தால் விரித்த நீளம் கிடைத்துவிடும். முறையின் உயிர் இந்த எளிய கணக்கில் இருக்கிறது. பிளவு இருந்தால், உடைந்த துண்டை அந்தப் பிளவு வழியே பின்னால் நகர்த்தி விளிம்போடு விளிம்பு பொருத்துகிறது மென்பொருள். விரித்த பிறகும் அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தாலோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றாலோ, நிலத்தின் குறுக்குவெட்டாக முதலில் வரைந்த படத்தில் எங்கோ பிழை. 1969-இல் நிலவியலாளர் டால்ஸ்ட்ரோம் இந்தச் சரிபார்ப்பின் விதிகளைத் தெளிவாக எழுதினார். அப்போது கையால் செய்த வேலை. எண்ணெய் தேடுவோருக்கு இன்றும் இது அன்றாடக் கருவி.

வேலூரைச் சுற்றியுள்ள மலைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் என்னும் பாறைகள். பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. பழைய நீளமே அழிந்துபோனதால் இந்தக் கணக்கு அங்கே எளிதில் செல்லாது. இமயமலை அடிவாரப் படிவுகளில் நன்றாகச் செல்லும்.

கணினி கடந்த காலத்தைக் காட்டிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, படம் சரியாக விரிந்தால் அது நடந்திருக்கக்கூடிய ஒன்று, அவ்வளவே.