புழு மனையிலும் தோட்டத்திலும் நேரம் தவறாமலிருக்க: அலாரமும் டைமரும் உள்ள கைக்கடிகாரத்தைத் தேர்வுசெய்வது எப்படி?

கேள்வி: பாலக்கோட்டுக்கு அருகில் இரண்டு ஏக்கரில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்த்து வருகிறேன். வயது ஐம்பத்தாறு. புழுக்களுக்கு நாளொன்றுக்கு நான்கு முறை இலை வைக்க வேண்டும். சொட்டுநீர் வால்வை முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த பகுதிக்கு மாற்றிவிட வேண்டும். கைப்பேசியைப் புழு மனைக்குள் எடுத்துச் செல்வதில்லை. இப்போது கட்டியிருக்கும் டிஜிட்டல் கடிகாரத்தில் ஒரே ஒரு அலாரம்தான் இருக்கிறது. அதுவும் பல நேரம் காதில் விழுவதில்லை. அதிக விலை இல்லாமல் எப்படிப்பட்ட கடிகாரம் வாங்கலாம்? ஸ்மார்ட் வாட்ச் சரிவருமா?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனித் தேவைகள் இருக்கின்றன. இலை வைப்பது நாளின் குறிப்பிட்ட மணிக்கு நடக்க வேண்டிய வேலை. அதற்கு வேண்டியது அலாரம். வால்வு மாற்றுவது, மோட்டாரைப் போட்ட நேரத்திலிருந்து கணக்கிட வேண்டிய வேலை. மின்சாரம் இன்று எப்போது வருகிறதோ அப்போதுதான் கணக்கு தொடங்கும் என்பதால், அதற்கு வேண்டியது நாற்பத்தைந்து நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்து பூஜ்யத்தில் ஒலிக்கும் டைமர். கடைகளில் ஸ்டாப்வாட்சையும் ‘டைமர்’ என்றே சொல்லி விற்றுவிடுகிறார்கள். ஸ்டாப்வாட்ச் எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டுமே தவிர, நேரமாகிவிட்டது என்று உங்களை அழைக்காது. 1989 முதல் விற்பனையில் இருந்துவரும், நம் ஊர்களில் பலர் கையில் காணப்படும் கேசியோ எஃப்-91டபிள்யூ கடிகாரத்தில் ஒரு அலாரம், மணிக்கொருமுறை ஒலிக்கும் சிறு ஒலி, ஸ்டாப்வாட்ச் ஆகியவை உண்டு. பின்னோக்கி எண்ணும் டைமர் கிடையாது. நல்ல கடிகாரம்தான், ஆனால் உங்கள் வேலைக்குப் போதாது.

இலை வைக்க நான்கு, காலையில் எழ ஒன்று என்று உங்களுக்கு ஐந்து அலாரம் தேவைப்படுகிறது. கேசியோவின் ஏஇ-1200 மாதிரியில் ஐந்து அலாரமும், இருபத்துநான்கு மணி நேரம் வரை வைத்துக்கொள்ளக்கூடிய டைமரும் இருக்கின்றன. பேட்டரி பத்து ஆண்டு வரும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. எந்தக் கடிகாரமானாலும் ஒவ்வோர் அலாரத்தையும் தனித்தனியே நிறுத்தவும் இயக்கவும் முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். புழுக்கள் தோலுரிக்கும் நாளில் இலை வைப்பதில்லை அல்லவா? அன்று இலைக்கான நான்கையும் நிறுத்திவிட்டு, எழுவதற்கான ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டியிருக்கும்.

டைமரில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: பூஜ்யத்தைத் தொட்டதும் அது நின்றுவிடுகிறதா, அல்லது தானாகவே மறுபடியும் நாற்பத்தைந்திலிருந்து எண்ணத் தொடங்குகிறதா? நின்றுவிடும் டைமரை ஒவ்வொரு முறையும் சேற்றுக் கையோடு நீங்களே தொடங்க வேண்டும். ஒருமுறை மறந்தால் ஒரு பகுதிக்குத் தண்ணீர் கூடுதலாகவும் அடுத்த பகுதிக்குக் குறைவாகவும் போய்விடும். இதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட, கடையிலேயே டைமரை ஒரு நிமிடத்துக்கு வைத்து, இரண்டு நிமிடம் பொறுத்திருந்து பார்ப்பது நல்லது. இரண்டாவது முறையும் தானாக ஒலித்தால் அந்தக் கடிகாரம் உங்கள் தோட்டத்துக்கு ஏற்றது.

அலாரம் காதில் விழுவதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் கேட்காத அலாரம் ஐந்து இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் பயன் ஒன்றுமில்லை. டிஜிட்டல் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால், அதன் உட்புறத்தில் மெல்லிய வட்டத் தகடு ஒன்று ஒட்டியிருப்பதைப் பல மாதிரிகளில் காணலாம். மின்துடிப்பு பட்டதும் அந்தத் தகடு அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. அதாவது, ஒலி பிறக்கும் இடம் உங்கள் மணிக்கட்டோடு அழுந்தியிருக்கும் அதே பக்கம்தான். 1947-இல் வெளிவந்த வல்கெய்ன் கிரிக்கெட் என்னும் சுவிஸ் அலாரம் கடிகாரத்துக்கு, ஒலி வெளியேறுவதற்காகத் துளையிட்ட இரட்டைப் பின்மூடியை வைத்ததே இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்காகத்தான். விலை குறைந்த டிஜிட்டல் கடிகாரங்களில் அந்த வசதி இல்லை. அவற்றின் ஒலியும் பெரும்பாலும் நொடிக்கு நாலாயிரம் அதிர்வை ஒட்டிய கீச்சொலி. வயது ஏறும்போது காது முதலில் இழப்பது இத்தகைய உயர்ந்த ஒலிகளைத்தான். போதாக்குறைக்கு, ஏஇ-1200 போன்ற கடிகாரங்களில் அலாரம் பத்து நொடிதான் ஒலிக்கும். மோட்டார் ஓடும்போதோ, மனையின் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போதோ அந்தப் பத்து நொடி வந்து போனதே தெரியாது.

ஆகவே கடிகாரத்தைக் கையில் கட்டி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கடைக்கு வெளியே வண்டிகள் போகும் சாலையோரம் நின்று அலாரத்தை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். கடைக்குள் கண்ணாடி மேசைமேல் வைத்துக் கேட்பது சோதனை ஆகாது, மேசை ஒலியைப் பெருக்கிக் காட்டும். வெளியில் கேட்கவில்லை என்றால் ஒலியை நம்ப வேண்டாம். அதிர்வு அலாரம் உள்ள மாதிரியைக் கேளுங்கள். கேசியோ, டைமெக்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் அத்தகைய டிஜிட்டல் கடிகாரங்களை வெளியிட்டிருக்கின்றன. மணிக்கட்டில் நேரடியாகத் துடிப்பதால் இரைச்சல் அதை மறைக்காது. விடியற்காலையில் நீங்கள் எழுவதற்காக வீட்டில் மற்றவர்கள் விழிக்க வேண்டியதும் இல்லை. அதிர்வுக்கான குட்டி மோட்டார் மின்சாரத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்பதால், பேட்டரி சற்று முன்னதாகத் தீரலாம். உங்கள் வேலைக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்க விலை என்பது என் கருத்து.

புதிய கடிகாரம் வாங்குவதற்கு முன்பு, இப்போதுள்ள கடிகாரத்தையும் ஒருமுறை பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். கிருஷ்ணகிரியில் நான் கடிகாரம் பழுதுபார்க்கும் மேசைக்கு ‘அலாரம் வேலை செய்யவில்லை’ என்று வருபவற்றில் கணிசமானவற்றில் உள்ளிருக்கும் இயக்கம், அதாவது கடிகாரத்தை ஓட்டும் உட்பகுதி, நன்றாகவே இருக்கும். மின்துடிப்பை இயக்கத்திலிருந்து பின்மூடித் தகட்டுக்குக் கொண்டுசெல்வது, எள்ளைவிடச் சற்றே பெரிய ஒரு சுருள்வில். பேட்டரி மாற்றும் அவசரத்தில் மூடியைத் திறக்கும்போது அது துள்ளி விழுந்துவிடும். விழுந்ததை மாற்றுபவரே கவனித்திருக்க மாட்டார். அதன்பின் கடிகாரம் நேரத்தைச் சரியாகக் காட்டும், அலாரக் குறியும் திரையில் தெரியும், ஒலி மட்டும் வராது. பேட்டரி மாற்றியபின் பொத்தானை அழுத்தி ஒலி வருகிறதா என்று பார்க்காமல் எந்தக் கடையை விட்டும் கிளம்பாதீர்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, 30 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது கை கழுவும்போது தெறிக்கும் துளிகளுக்கு மட்டுமே. 30 மீட்டர் ஆழத்தில் இறங்கலாம் என்பது அதன் பொருள் அல்ல. உங்களுக்கு 100 மீட்டர் குறிப்புள்ளது பொருந்தும். மனையில் தூவும் சுண்ணாம்புத் தூள் பொத்தான்களின் இடுக்கில் சேர்ந்து இறுகும். பிளீச்சிங் பவுடர் கரைசல் முலாம் பூசிய உலோகப் பட்டையை அரிக்கும். ரெசின் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பட்டை உள்ளதையே வாங்கி, அன்றாட வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். ஈரமாக இருக்கும்போது பொத்தானை அழுத்த வேண்டாம்.

ஸ்மார்ட் வாட்சை உங்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. அதில் பல அலாரங்களை வைக்கலாம், அதிர்வும் நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும், ஈரக் கைக்குத் தொடுதிரை ஒழுங்காகக் கட்டுப்படாது, சிலவற்றில் அலாரத்தை மாற்றவே கைப்பேசி தேவைப்படுகிறது. கடைசி வளர்ச்சிப் பருவத்தில், புழுக்கள் இடைவிடாமல் தின்னும் நாட்களில், சார்ஜ் தீர்ந்த கடிகாரத்தோடு நீங்கள் நிற்கக் கூடாது.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரிலேயே கடிகாரத் தொழிற்சாலை இருக்க, வெளிநாட்டு மாதிரிகளை ஏன் சொல்கிறீர்கள் என்று சிலர் கேட்பதுண்டு. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் இணைந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நான் தினமும் கட்டுவதும் அங்கு செய்த முள் கடிகாரம்தான். ஆனால் பல அலாரமும், திரும்பத் திரும்ப எண்ணும் டைமரும் டிஜிட்டல் கடிகாரத்தின் வேலை. முள் கடிகாரத்தில் அவற்றைத் தேடிப் பணம் செலவிட வேண்டாம்.

எனவே அதிர்வு அலாரமும், தானாகத் திரும்பும் டைமரும், 100 மீட்டர் நீர்த்தாங்கும் குறிப்பும், ரெசின் பட்டையும் உள்ள டிஜிட்டல் கடிகாரத்தை முதலில் தேடுங்கள். அது கிடைக்காமல், சாலையோரச் சோதனையில் ஒலி உங்களுக்குத் தெளிவாகக் கேட்டால் மட்டும் ஐந்து அலாரம் உள்ள சாதாரண மாதிரியை வாங்கலாம். வாங்கிய அன்றே நேரத்தை இருபத்துநான்கு மணி முறைக்கு மாற்றிவிடுங்கள். காலை ஆறுக்கு வைத்ததாக நினைத்து மாலை ஆறுக்கு வைத்துவிடும் தவறு அதில் நேராது. இரவு ஒன்பது மணி இலைக்கான அலாரம் திரையில் 21:00 என்று தெரிய வேண்டும்.