உடன்பிறந்தவரோடு நாலைந்து நாள் காரில் போனால் சண்டை வராமல் இருக்குமா? உங்கள் அனுபவம் என்ன?

வரும். எங்களுக்கு மதுரை பக்கம் கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வந்தது.

நான் சேலம் அஸ்தம்பட்டி. வயது நாற்பத்தாறு. தம்பி ஓசூரில் வேலை பார்க்கிறான், என்னைவிட நாலு வயது இளையவன். போன வருஷம் ஜூன் முதல் வாரத்தில் என் காரில் கன்னியாகுமரி போய்வந்தோம். என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, அவன் மனைவிக்கு ஊரில் ஏதோ விசேஷம். கடைசியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று ஆகிவிட்டது. கல்யாணம் ஆன பிறகு நாங்கள் தனியாக ஒரு டீக்கடைக்குக்கூடப் போனதில்லை என்பது சீட் பெல்ட் போடும்போதுதான் உறைத்தது.

அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னாள். தனியாக இரண்டு பழம் பையில் போட்டு, "வாந்தி வந்தா மோந்து பாரு சாமி" என்று தம்பியிடம் கொடுத்தாள். அவனுக்கு நரை வந்துவிட்டது. அம்மாவுக்கு அவன் இன்னும் பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளைதான்.

வழியில் சிரமமே இல்லை. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலம் வழியாகத்தான் போகிறது. சீலநாயக்கன்பட்டியில் பிடித்தால் நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்று ஒரே ரோடு. ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்டியரிங் பெரும்பாலும் என்னிடம். நான் நாற்பது வயதில் ஓட்டக் கற்றவள் என்பதால் தம்பி பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். பரமத்தி வேலூரில் காவிரியைத் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் "காலை மடக்கி உட்காருடா" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் பெரிய சண்டை ஓட்டுவதைப் பற்றி வரவில்லை. பணத்தைப் பற்றி வந்தது. கிளம்பும் முன் என் ஃபாஸ்டாக்கை அவன் போன் நம்பருக்கு மாற்றி, பணமும் அவனே போட்டிருந்தான். ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் அவன் போன் டிங் என்று அடிக்கும். எடுத்துப் பார்ப்பான், வைத்துவிடுவான். ஒன்றும் சொல்லமாட்டான். நான் டீசலுக்குக் கொடுத்ததை மனதில் வைத்திருந்தேன். கரூரில் சாப்பாட்டுக்கு யார் கொடுத்தது என்பதும் மனதில் இருந்தது. கப்பலூரில் டிங் அடித்ததும், "என்ன, கணக்குப் பார்க்கிறியா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீதான்க்கா பார்க்கிற" என்றான்.

அடுத்த சுங்கச்சாவடி எட்டூர்வட்டம். அதுவரை வாய்ச்சண்டை. டோல் காசில் தொடங்கி, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார், மாசாமாசம் பணம் அனுப்புவது யார், அப்பா காரியத்துக்கு யார் எவ்வளவு போட்டது என்று எட்டு வருஷத்துக் கணக்கும் வந்து விழுந்தது. எல்லாவற்றையும் இரண்டு பேருமே பைசா சுத்தமாக ஞாபகம் வைத்திருந்தோம். வெளியே சொன்னதுதான் இல்லை. கூடப்பிறந்தவர்களிடம் கணக்குக் கேட்பது அசிங்கம் என்று வளர்த்துவிட்டார்கள் இல்லையா, அதனால் கணக்கு உள்ளேயே வட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. ஆத்திரத்தில் நான் ஒரு லாரியை இடதுபக்கம் ஏறி முந்தினேன். அது தப்பு. அதற்கு மட்டும் அவன் திட்டவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

கோவில்பட்டியில் நிறுத்தி கடலைமிட்டாய் வாங்கினோம். கடைக்காரரிடம் சில்லறைக்காக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பர்ஸை எடுத்தபோதுதான் சிரிப்பு வந்தது. அங்கேயே ஆளுக்கு ஐயாயிரம் எடுத்து ஒரு மஞ்சப்பையில் போட்டு டேஷ்போர்டில் வைத்தோம். டீசல், ரூம், சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. டோலுக்கு ஆனதையும் அவன் அதிலிருந்து எடுத்துக்கொண்டான். நீங்கள் போவதாக இருந்தால் இதை வீட்டு வாசலிலேயே செய்துவிடுங்கள், கோவில்பட்டிவரை காத்திருக்க வேண்டாம்.

கன்னியாகுமரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கூட்டம், சூரிய உதயம் மேகத்தில் போய்விட்டது. போகும் வழியில் காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும், அந்தக் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளுவதும்தான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி போனேன். தம்பி காலை மடக்கித்தான் உட்கார்ந்திருந்தான்.

திரும்பும்போது மதுரையில் தங்கி, நாலாம் நாள் மதியம் சேலம் வந்துவிட்டோம். வீட்டுக்குப் பத்து நிமிஷம். "ஏற்காடு போலாமாக்கா?" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கோரிமேடு வழியாக அடிவாரத்துக்கு விட்டேன்.

ஏற்காட்டில் எங்களுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. சின்ன வயதில் மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருஷம் தவறாமல் பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. தம்பி மூன்றாவது வளைவிலேயே ஆரம்பித்துவிடுவான். அதனால் ஜன்னல் சீட் எப்போதும் அவனுக்கு. நான் நடுவில், அம்மாவின் முழங்கைக்கும் கூடைக்கும் இடையில். சேர்வராயன் மலையை நான் பார்த்ததெல்லாம் அவன் காதுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான்.

இப்போது நான் ஓட்டுகிறேன். மலையில் முதல் முறை ஓட்டுகிறவர்களுக்கு: வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், வளைவின் நடுவில் மாற்றினால் வண்டி திணறும். ஹாரன் அடித்துத் திரும்புங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். இது தெரியாமல் மேலிருந்து லைட் அடித்துக்கொண்டே வருகிறவர்கள் நிறைய. ஏழாவது வளைவிலோ எட்டாவதிலோ அப்படி ஒருவர் வந்தார். நான் அசையவில்லை. கடைசியில் அவர்தான் பின்னால் எடுத்தார். தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில்தான் தம்பி சொன்னான்: "உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? மூணாவது படிக்கும்போதே எனக்கு வாந்தி நின்னுபோச்சு."

"அப்புறம் ஏழாவது வரைக்கும் எடுத்தியே?"

"எடுக்கலை. வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னேன். ஜன்னல் கிடைச்சுது."

நாலு வருஷ ஜன்னல்! கார் நடுரோட்டில் இருந்ததால் அடிக்க முடியவில்லை. மேலே ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி அவன் சொந்தக் காசில் வாங்கித்தந்தான், மஞ்சப்பையைத் தொட விடவில்லை.

சேர்வராயன் கோவில்வரை போனோம். மலைத்தொடருக்கே பெயர் தந்த சாமி. 1,623 மீட்டர் உயரத்தில், புல்வெளிக்கு நடுவே குகைக்குள் இருக்கிறது, வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அடியில் பச்சைக் காயோடு காபிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்த காபி இது. தம்பி கடைசிவரை டீதான் கேட்டான்.

இறங்கும்போது அவன் ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான். ஏறிய கியரிலேயே இறக்கினான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகி, கருகல் வாடை வந்து, பிடிமானமே குறைந்துவிடும். ஓசூரிலிருந்து தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அடிக்கடி வருகிறவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் போனில் அம்மாவுக்கு "அரை மணியில் வந்துடறோம்" என்று டைப் செய்துகொண்டிருந்தேன். மலைப்பாதையில் செய்யக்கூடாத வேலை. கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காதின் உட்பகுதி வளைவை உணர்கிறது, இரண்டும் ஒத்துப்போகாமல் வயிறு புரட்டுகிறது. ஓட்டுகிறவருக்கு அடுத்த திருப்பம் முன்கூட்டியே தெரிவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. எனக்கு நாலு வளைவிலேயே வாயில் தண்ணீர் ஊறிவிட்டது.

சொல்லாமல்தான் இருந்தேன். எப்படித் தெரிந்ததோ, கொஞ்சம் அகலமான இடத்தில் ஓரங்கட்டினான். பின் சீட்டுப் பைக்குள் துழாவி அம்மா போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்தான். நாலு நாள் கார் வெயிலில் தோல் சுருங்கிப் பழுப்பேறியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் கீறி என் கையில் வைத்தான்.

"ஜன்னலை இறக்கிக்கோக்கா" என்றான்.